காலை உணவுக் கட்டம்

ராமநாதபுரத்தில் நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தபோது, உணவு ஆலோசகரான எனக்கு அரை நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் பாதி நேரம் டீ குடிப்பதில் போயிற்று. மறுநாளே எல்லாம் தெரிந்தவள் மாதிரி அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் திமிரை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அன்று வந்தவள் மிளகாய்க் காட்டில் கூலி வேலை செய்பவள். சர்க்கரை நோய். காலையில் என்ன சாப்பிடுவாய் என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லம்மா. மொளகாப்பழம் பறிக்கிற கையோட சோத்தத் தொட முடியாது, எரியும். பொழுதுக்கும் நீச்சத்தண்ணிதான். சாயந்தரம் வந்துதான் உலை வைப்பேன்."

சோறு ஊறிய அந்தத் தண்ணீர் கம்ப்யூட்டரின் பட்டியலில் இல்லை. காலை உணவுக் கட்டத்தைக் காலியாக விட்டால் அது அடுத்த பக்கத்துக்குப் போகவும் மறுத்தது. வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"பொய் சொல்லாத. ஒண்ணும் திங்காமலா இம்புட்டுச் சர்க்கரை ஏறும்?" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். நான்கு இட்லி என்று தட்டினேன். மதியத்துக்கு ஒரு தட்டுச் சோறு.

அச்சடித்து வந்த தாளைப் பார்த்து டாக்டர் காலை மாத்திரையைக் கூட்டினார். சாப்பாட்டுக்கு முன்னால் போடச் சொன்ன மாத்திரையை அவள் ஒரு நாளும் தவறாமல் போட்டாள். சாப்பாடுதான் பின்னால் வரவில்லை. ஐந்தாம் நாள், செடிகளுக்கு நடுவே விழுந்து கிடந்தவளைத் தூக்கிவந்தார்கள். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. மதியத்துக்குள் செத்துப்போனாள்.

டாக்டர் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு அவள் புருஷனிடம், "காலையில நாலு இட்லி சாப்பிடுவாங்கன்னு இருக்கு. இப்ப நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டார்.

பதிந்ததை எப்படித் திருத்துவது என்று எனக்குத் தெரியாது. வாயைத் திறக்கத் தெரியும். வேலை போய்விடும் என்ற பயத்தில் திறக்கவில்லை.

அந்த மனிதர் என் பக்கம் திரும்பினார்.

"எங்க வீட்டுல இட்லி ஏது தாயி? எனக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாம அவ மட்டும் எங்கனயாவது வாங்கித் தின்னுட்டு இருந்தாளா?"

"இருக்கும்" என்றேன்.