எங்கள் முகவரியில் ஊராரின் கணக்குகள்

கல்முனைப் பிரதான வீதியில் நான் நடத்திவந்த மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்குத் தொண்ணூறுகளின் இறுதியில் மின்னஞ்சல் வந்து சேர்ந்தது. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் நான் தொடங்கிய தொழில் அது. பிறப்புச் சான்றிதழ்களையும் விவாகப் பதிவுகளையும் ஆங்கிலத்துக்குப் பெயர்த்துக் கொழும்பு முகவர்களுக்கு அனுப்புவேன். கணினியை இயக்கியவர் என் தங்கையின் கணவர். அவருடைய சுறுசுறுப்பை நான் ஒருபோதும் குறைத்து மதிப்பிட்டதில்லை. என் பொறுமையைத் தின்றதும் அந்தச் சுறுசுறுப்புத்தான்.

எங்கள் கடலோரக் குறுக்குத் தெருக்களில் பல வீடுகளுக்கு இலக்கம் இல்லை. அதனால் மத்திய கிழக்கிலிருந்து வரும் கடிதங்கள் பிரதான வீதிக் கடைகளின் பெயரைத் தாங்கியே வரும். உரியவர் சந்தைக்கு வரும்போது கடையில் பெற்றுக்கொள்வார். நல்ல வழக்கம். கடிதம் ஒட்டிய உறைக்குள் இருந்ததால் கடைக்காரரின் கண் அதற்குள் புகுந்ததுமில்லை. இவ்வழக்கத்தை என் மச்சான் மின்னஞ்சலுக்கும் பொருத்திவிட்டார். இணையத்தில் இலவச அஞ்சற் கணக்கு வேண்டி வந்தவர்களுக்கெல்லாம் தாமே கணக்குத் திறந்து கொடுத்தார். கடவுச்சொல் மறந்துபோனால் எந்த முகவரிக்கு அனுப்புவது என்று இணையத்தளம் கேட்குமிடத்தில் எங்கள் அலுவலக முகவரியை இட்டார். கடவுச்சொல்லும் அனைவருக்கும் ஒன்றே: ஊரார் கடை என்றே அழைத்த எங்கள் அலுவலகத்தின் பெயர்.

"கடைட அஞ்சல் வேற, அவங்கட கணக்கு வேற. ரெண்டையும் கலக்காதீங்க மச்சான்" என்று பலமுறை சொன்னேன்.

"என்னத்துக்குக் கோவிக்கிறீங்க? ஆக்கள் ஊட்டுத் திறப்பையே நம்பித் தந்திட்டுப் போறாங்க. இது ஒரு பாஸ்வேர்டுதானே?"

"திறப்பைத் தந்தா உள்ளுக்குப் போய்ப் படுத்துக்கிறதா?"

வீட்டுச் சாவியை வைத்து நான் சொன்னதற்கு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வாடிக்கையாளர்களோ ஒரு படி மேலே சென்று, எங்கள் அலுவலக முகவரியையே வெளிநாட்டு உறவினருக்குக் கொடுக்கத் தலைப்பட்டனர்.

அவ்வாண்டு காரைதீவைச் சேர்ந்த ஓர் இளைஞர், குளிரூட்டிகளைத் திருத்துவதில் தேர்ந்தவர், கட்டார் நாட்டு நிறுவனமொன்றில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். அவருடைய சான்றிதழ்களை நானே மொழிபெயர்த்தேன். ஒரு திங்கட்கிழமை காலை அவர் மூச்சிரைக்க வந்தார். நியமனக் கடிதம் அவருடைய மின்னஞ்சலுக்கு வந்துவிட்டதாகவும், புதன் மாலைக்குள் அதே கணக்கிலிருந்து சம்மதம் தெரிவிக்காவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்றும் கொழும்பு முகவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

கணக்குத் திறக்கவில்லை. கடையின் பெயரை இட்டோம், பிழை என்றது. மீண்டும் இட்டோம், மீண்டும் பிழை. மச்சான் தலையைச் சொறிந்தார்.

"நீங்க நெடுகப் பேசினீங்க எண்டுதான் மச்சான், போன கிழமை கொஞ்சப் பேர்ட பாஸ்வேர்ட மாத்தின."

"என்னவா மாத்தினீங்க?"

"அதுதான் ஞாபகம் வருதில்ல."

கடவுச்சொல்லை அனுப்புமாறு இணையத்தளத்தைக் கேட்டோம். அது அலுவலகப் பெட்டிக்கு அனுப்பியது. அலுவலகப் பெட்டியோ நிரம்பிக் கிடந்தது. ரியாத்தில் வாழும் ஒருவர் தம் புதிய வாகனத்தின் முன் நின்ற கோலத்தைப் பல கோணங்களில் படம்பிடித்து, நிந்தவூரிலிருந்த தம் மாமியாருக்காக எங்கள் முகவரிக்கு அனுப்பியிருந்தார். அப்படங்களை இறக்கி முடித்தால்தான் பெட்டியில் இடம் உண்டாகும். பாதி இறங்குமுன் தொலைபேசித் தொடர்பு அறுந்துவிடும். பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். திங்கள் இவ்வாறு கழிந்தது. செவ்வாயும் கழிந்தது. எனக்கு வரவேண்டிய மொழிபெயர்ப்பு வேலைகளும் இடமின்றித் திரும்பிப்போயிருந்ததை முகவர் சொல்லித்தான் அறிந்தேன்.

"கொழும்பு இன்டர்நெட் கொம்பனிக்குக் கோல் எடுத்துப் பெட்டில உள்ள எல்லாத்தையும் அழிக்கச் சொல்லுவம்" என்றேன்.

மச்சான் எழுந்து நின்றுவிட்டார். "அது ஆக்கள் நம்பித் தந்த அமானிதம் மச்சான். அவங்களக் கேக்காம அழிக்க ஏலா."

"இந்தத் தம்பிட தொழில் அமானிதமில்லையா?"

"அதுவும் அமானிதம்தான். கொஞ்சம் பொறுங்க, மாமிய ஒருக்காக் கேட்டுட்டு வாறன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு நிந்தவூருக்கே போய்விட்டார். மாமியார் சம்மாந்துறைக்குக் கலியாணத்துக்குச் சென்றிருந்தாராம், அங்கும் போனார். இளைஞர் கணினியின் எதிரே, அணைந்த திரையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். நான் மறுநாள், புதன்கிழமை, யார் சம்மதத்துக்கும் காத்திராமல் கொழும்பு இணையச் சேவையாளரை அழைத்தேன். தொடர்பு கிடைப்பதற்கே பிற்பகலாயிற்று. காலையில் செய்து தருவதாகச் சொன்னார்கள்.

வியாழன் காலை பெட்டி வெறுமையாயிற்று, கடவுச்சொல் வந்தது, கணக்குத் திறந்தது. நியமனக் கடிதம் அவருடைய பெயரோடும் சம்பளத்தோடும் தெளிவாக அங்கே இருந்தது. நிகழ்ந்ததை விளக்கி என்னாலியன்ற நல்ல ஆங்கிலத்தில் மன்னிப்புக் கோரி மறுமொழி எழுதினேன். சனிக்கிழமை விடை வந்தது. வருந்துகிறோம், இடம் நிரப்பப்பட்டுவிட்டது என்றது.

இளைஞர் அதை இருமுறை வாசித்தார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

"சேர், புதுசா ஒரு கணக்குத் திறப்பம். கடைட அட்ரஸ் ஒண்டும் அதுக்க வேணாம்" என்றார்.

அவரே விசைப்பலகையின் முன் அமர்ந்தார். ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி அழுத்தினார். கடவுச்சொல் கேட்கும் இடம் வந்தபோது மச்சான் நாற்காலியை அருகே இழுத்தார்.

"மறந்தா என்ன செய்யப்போறீங்க தம்பி? எனக்கிட்டயும் ஒருக்காச் சொல்லி வைங்களன்."

இளைஞர் விசைகளிலிருந்து கையை எடுத்தார். மச்சானைப் பாராமல், ஆனால் அவருக்கு அண்ணன் முறை வைத்தே, என்னிடம் சொன்னார்: "சேர், காக்காவ வெளிய கூட்டிட்டுப் போங்க."

இருவரும் வீதியோரம் வந்து நின்றோம்.

"நான் என்ன கள்ளனா மச்சான்?" என்று அவர் கேட்டார். முகத்தில் மெய்யான நோவு தெரிந்தது. அவர் எட்டிப் பார்க்காதபடி கதவை இழுத்துச் சாத்தினேன்.