மாப்பிள்ளைக்கு ஒரு கூண்டு

முடிவெட்டுகிறவர் சொன்னார். அவருக்கு லாண்டரி அம்மா சொன்னாராம். லாண்டரி அம்மாவுக்கு யார் சொன்னது என்பது அந்த அம்மாவுக்கே மறந்துவிட்டதாம்.

"உங்க கட்டடத்துல மூணாவது மாடியில யாரோ கஞ்சா வளர்க்கிறாங்களாமே, சாவிக்காரரே? அதுக்குன்னே தனியா ஒரு லைட்டு இருக்காம். எந்நேரமும் எரியுதாம். கரண்டு மீட்டர் காத்தாடி மாதிரி சுத்துதாம்."

சாவிக்காரர் வெட்டிக்கொண்டிருந்த சாவியை எந்திரத்திலிருந்து கழற்றி, பற்களை விரலால் தடவிப் பார்த்தார். "நான் ஒண்ணும் பாக்கலையே" என்றார். அதற்குப் பிறகு அன்றைக்கு வெட்டிய சாவி எதுவும் ஒழுங்காக அமையவில்லை.

ரயில் நிலையத்துக்கு இறங்கும் படிக்கட்டின் அடியில்தான் அவர் கடை. பக்கத்தில் சலூன். வாடிக்கையாளர் சாவிக் கடைக்குள் வந்தால் சாவிக்காரர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவு இடம். பிழைக்க வந்த ஊரில் செருப்பு தைக்கும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, அங்கே மூலையில் கிடந்த சாவி எந்திரத்தில் தொழில் படித்தவர். ஊரார் பூட்டையெல்லாம் நிமிடத்தில் திறக்கிறவர் தன் வீட்டுக் கதவில் வரிசையாகப் பூட்டு மாட்டியிருந்தார். பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார். பாதிப் படி இறங்கி, சந்தேகம் வந்து, திரும்ப ஏறி இழுத்துப் பார்ப்பார். "கதவுக்கு வாய் இருந்தா அழும்" என்பாள் மனைவி.

மூன்றாவது மாடியில் மூன்றே வீடுகள். ஒன்றில் காது கேட்காத ஓய்வுபெற்ற நர்ஸ். ஒன்று காலியாகப் பூட்டிக் கிடக்கிறது. மிச்சம் இவர் வீடு. கஞ்சா என்றால் அந்தக் காலி வீடுதான், வேறென்ன? கண்டுபிடித்துவிடுவது என்று முடிவு செய்து, சாயங்காலம் எதிர்ச்சாரியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

காலி வீட்டு ஜன்னல் இருட்டாக இருந்தது. நர்ஸ் வீட்டில் டிவி வெளிச்சம். மூன்றாவது ஜன்னலில்தான் திரையின் ஓரமெல்லாம் வெள்ளையும் ஊதாவுமாக ஒரு ஒளி கசிந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் நீராவி படிந்திருந்தது. திரையில் இலை இலையாக நிழல்.

அது அவருடைய ஜன்னல்.

இலைகள் பிளாஸ்டிக். மகள் வாங்கிக் கொடுத்தவை. மகள் வேறு ஊரில் படித்தபோது உள்ளங்கை நீளத்தில் இகுவானா என்கிற காட்டுப் பல்லி ஒன்றை வாங்கி வளர்த்தாள். வேலை கிடைத்துக் கடல் கடந்து போக வேண்டி வந்தபோது, வாலோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு ஆள் நீளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவாக இருந்த அதைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினாள்.

"வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதையால்ல இருக்கு!" என்றாள் மனைவி.

"இது ஓணான் இல்லம்மா."

"ஓணானுக்குப் பெரியப்பா. வேட்டிக்குள்ள அடங்குமா?"

சாவிக்காரருக்கு வேறு கவலை. வீட்டில் எந்தப் பிராணியும் கூடாது என்று குடிவரும்போதே ஓனர் கறாராகச் சொல்லியிருந்தார். "குரைக்காது, கத்தாது. யாருக்குப்பா தெரியப்போகுது?" என்றாள் மகள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க யாரையும் நம்ப மாட்டீங்க. நான் உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். நான் திரும்பி வர்றப்ப இது உயிரோட இருக்கணும்."

அதன் பிறகு அவர் மறுக்கவில்லை. பழைய துணி அலமாரி ஒன்றை நிமிர்த்தி, தட்டுகளைக் கழற்றி, ஈரம் தாங்கும் பெயிண்ட் அடித்தார். ஏறி உட்கார ஒரு கனமான கிளையைக் குறுக்கே மாட்டினார். மேலே ஒரு மூலையில் சூட்டு விளக்கு, எதிர்மூலை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அலமாரிக்கு மேலே வெளிப்பக்கம் நீளமான டியூப் லைட், அது வெயிலுக்குப் பதில். கீழே குளிக்கத் தண்ணீர்த் தொட்டி. நாளெல்லாம் நீர் தெளிக்க ஒரு குழாய். எல்லாம் மகள் சொன்னபடி. ஒன்றே ஒன்று தவிர. முன்பக்கமும் மேலேயும் கம்பி வலை போடச் சொல்லியிருந்தாள். அவள் விமானம் ஏறியதும் வலையைக் கையில் பிடித்துப் பார்த்தார். குறடு வைத்திருக்கிற எவனும் பிரித்துவிடுவான். வலையை நம்பி யாராவது வீட்டைப் பூட்டுவார்களா? அதை எடுத்துவிட்டு, நகைக்கடைக்குப் போடுகிற கனமான கண்ணாடியை இரண்டு பக்கமும் பொருத்தினார். கதவுக்குத் தன் கடையிலேயே விலை உயர்ந்த பூட்டு.

"யார் வந்து திருடப்போறா இதை?" என்றாள் மனைவி. ஆனால் கீரையை அவள்தான் நறுக்கினாள், பொடிப்பொடியாக. "ஒரு வேலையும் கிடையாது. வேளாவேளைக்குத் தட்டு முன்னால வரணும். நம்ம வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைதான் இது." அப்படித்தான் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வந்தது.

வதந்தி காதில் விழுந்த மறுநாளிலிருந்து அவர் தூக்கம் போயிற்று. யார் கிளப்பியிருப்பார்கள்? கீழ்வீட்டு பஸ் டிரைவர் மேல்தான் முதல் சந்தேகம். போன வாரம் படியில் வழிமறித்து, "என்ன அண்ணே, மேல சொட்டுச் சொட்டா தண்ணிச் சத்தம்? செடிகிடி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டவன் அவன். சிரித்துக்கொண்டே கேட்டான். சிரித்துக்கொண்டு கேட்டதுதான் உறுத்தியது. போலீஸ் வந்தால் மாப்பிள்ளை கண்ணில் படும், ஓனருக்குத் தெரியும், வீடு போகும். வீட்டு விலாசம் போனால் வெளிநாட்டுக்காரராக இந்த ஊரில் தங்குவதற்கு வாங்கிய அனுமதியும் ஆட்டம் காணும்.

மனைவி திரைச்சீலைக் கடையில் தைக்கிறவள். அங்கிருந்து தடித்த கறுப்புத் துணியை வாங்கிவரச் சொல்லி ஜன்னலை அடைத்தார். அந்த டியூப் லைட்டைப் பாதி நேரம் அணைத்து வைத்தார்.

"இழவு வீடு மாதிரி இருக்குங்க. இதைப் பாத்தாத்தான் கண்டிப்பா சந்தேகப்படுவாங்க."

"யாராவது கேட்டா, என் வீட்டுக்காரருக்கு வெளிச்சம் ஆகாதுன்னு சொல்லு."

"நல்லா இருக்கு. ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி!"

கறுப்புத் துணி தொங்கிய சில நாளிலேயே மாப்பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தது. பிறகு கிளையில் ஏறுவதை விட்டது. தொட்டியோரம் படுத்தே கிடந்தது. ஒருநாள் காலை மனைவி கீரைத் தட்டோடு நின்றவள் கூப்பிட்டாள்: "ஏங்க, இங்க வாங்க. மாப்பிள்ளைக்குக் கை நடுங்குது பாருங்க."

முன்னங்கால் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. சாவிக்காரர் குனிந்து பார்த்தார். "டாக்டர்கிட்ட போனா விவரம் கேப்பாங்களே" என்றார்.

"உங்க பொண்ணு கேப்பாளே, அதுக்கு என்ன சொல்லப்போறீங்க?"

கூடையில் வைத்து மேலே துண்டைப் போர்த்திப் படியிறங்கும்போது, வந்தானே பஸ் டிரைவர்.

"என்ன அண்ணே, சுமையோட?"

"துவைக்கிற துணி."

துணிக்கு வால் இருந்தது. கூடையின் விளிம்பைத் தாண்டித் தொங்கி மெல்ல அசைந்தது. டிரைவர் அதைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், "சரிண்ணே" என்று மேலே போனான். அந்தச் "சரிண்ணே" மருத்துவமனை வரைக்கும் கூடவே வந்தது.

பிராணி டாக்டர் விலாசம் கேட்டார். "விலாசம் எதுக்கு?" என்றார் இவர். "மருந்துச் சீட்டுல எழுத." கடை விலாசத்தைக் கொடுத்தார். டாக்டர் தாடையை மெல்ல அழுத்திப் பார்த்து, காலை நீவிப் பார்த்து, கேட்டார்:

"லைட் எங்க மாட்டியிருக்கு?"

"மேலதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம்."

"எந்தக் கண்ணாடி?"

"வலையை எடுத்துட்டு கண்ணாடி போட்டேன். நல்ல கனம். சுத்தியலால அடிச்சாலும் உடையாது."

டாக்டர் மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார்: "அந்த வெளிச்சத்துல எலும்புக்கு வேண்டிய சத்து கண்ணாடியைத் தாண்டி வராது. இவ்வளவு நாளும் இது சும்மா விளக்கை வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்திருக்கு."

"திருட்டுப் பயம்..."

"கண்ணாடியை இன்னைக்கே எடுங்க. வலை போடுங்க. பகல் முழுக்க லைட் எரியணும். முடிஞ்சா ஜன்னலைத் திறந்து நேர் வெயில்ல கொஞ்ச நேரம் வைங்க. இப்போதைக்குத் திருப்பிடலாம். இன்னும் விட்டா கால் மடங்கிடும், தாடை தொங்கிடும். அப்புறம் என்கிட்ட வந்தும் பிரயோஜனம் இல்ல."

வீட்டுக்கு வந்து பூட்டுகளைத் திறந்து, கூடையை இறக்கி வைத்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் திருப்புளியை எடுத்தார். கண்ணாடிகள் கீழே இறங்கிச் சுவரில் சாய்ந்தன. கட்டிலுக்கடியில் சுருட்டிக் கிடந்த கம்பி வலை வெளியே வந்தது. ஆணி அடித்து முடித்து, மாப்பிள்ளையை உள்ளே விட்டு லைட்டைப் போட்டார். பிறகு ஜன்னலருகே போய், கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதை எடுத்தால் தெருவே பார்க்கும். டிரைவர் வாலைப் பார்த்தாகிவிட்டது. ஓனருக்கு இந்நேரம் போன் போயிருக்குமோ?

"இன்னொருத்தன் சொல்றதுக்கு முன்னால நீங்களே சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி.

"வீட்டைக் காலி பண்ணுன்னுட்டா?"

"பண்ணுவோம். அலமாரியோட போவோம்."

துணியை ஒரே இழுப்பில் இழுத்தார். கம்பி அறுந்து வளையங்கள் தரையில் உருண்டன. ஜன்னல் கண்ணாடியையும் திறந்துவிட்டார். வெயில் கூடத்துக்குள் நீளமாக விழுந்தது. மாப்பிள்ளை கழுத்தைக் கொஞ்சம் உயர்த்தியது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் ஜன்னலைப் பார்த்தது. கிளையைப் பற்ற முன்னங்காலை நீட்டி, நடுங்கி, இறக்கி, மறுபடி நீட்டியது.

சாவிக்காரர் ஓனரின் எண்ணை அழுத்தினார். மணி போயிற்று. எடுக்கவில்லை. எப்போதும் முதல் மணியிலேயே எடுக்கிற மனிதர். ஏன் எடுக்கவில்லை? பக்கத்தில் யாராவது இருக்கிறார்களோ? வேண்டுமென்றே விடுகிறாரோ?

அப்போது கதவுக்கு வெளியே, கீழ் மாடிப் படிக்கட்டில், ஒரு செல்போன் பாடியது. இவர் காதில் மணி அடிக்கும்போதெல்லாம் அங்கே பாடியது. ஓனர்தான் ஏறி வருகிறார். கூடவே செருப்புச் சத்தம். ஒரு ஆளா, இரண்டு ஆளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மனைவியின் கை சுவிட்சுக்குப் போயிற்று. "ஏங்க, லைட்டை அணைக்கவா?"

"வேண்டாம். எரியட்டும்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே கதவருகே போனார். மேல் பூட்டைத் திறந்தார். அடுத்ததைத் திறந்தார். படிக்கட்டில் பாட்டு இன்னும் கொஞ்சம் மேலே ஏறி வந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.