திகதி மறந்த பெட்டி

யுத்தம் முடிவதற்கு ஒன்றரை வருடத்துக்கு முன்பு, ஐப்பசி பிறக்கிற சமயம். பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் ரோட்டில், முன்பக்கம் கடையும் பின்பக்கம் வீடுமாக இருக்கும் எங்கள் இடத்தில்தான் இது நடந்தது. வீட்டில் நானும் மருமகளும் மட்டும். என் வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். மகனுக்குக் கட்டாரில் வேலை. பின்னறையில் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் வாடகைக்கு இருந்தார். பேராதனையில் ஒரு காரியாலயத்தில் கிளார்க். அவர் பெயரைப் பொலிஸில் பதிந்து வைத்திருந்தோம். அந்த நாளில் அப்படிப் பதியாமல் தமிழ் ஆட்களை வீட்டில் வைக்க முடியாது.

நான் கலஹாவில் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் எண் விஷயத்தில் யாரும் என்னை ஏமாற்ற முடியாது. முப்பது வருடம் தராசு பிடித்த கை இது. அந்தப் பெருமை எனக்கு உண்டு, அதை ஏன் மறைக்க வேண்டும்?

எண்பத்து மூன்று கலவரத்தில் கண்டி டவுனில் இருந்த எங்கள் பழைய கடையை எரித்தார்கள். முறைப்பாடு எழுதப் போன என் வீட்டுக்காரரிடம், யாரைக் கண்டாய், என்ன சாட்சி என்று கேட்டார்கள். எரித்தவர்களில் இரண்டு பேர் எங்களிடம் பருப்பு வாங்கித் தின்றவர்கள். அதைச் சொல்லி என்ன பயன்? அவர் சும்மா திரும்பி வந்தார். மகன் அப்போது கைப்பிள்ளை. அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவன், இரண்டு பொம்பளைகள் தனியாக இருக்கிறோமே என்று, கூட்டாளி ஒருவர் பாவித்த கமராப் பெட்டியை வாங்கி அனுப்பினான். கறுப்புப் பெட்டி ஒன்று, மூன்று கமரா, சின்ன டீவி ஒன்று.

பூட்டுவதற்குக் கம்பளையிலிருந்து ஒரு முஸ்லிம் நானா வந்தார். ரேடியோ, டீவி திருத்துகிறவர், நாற்பது வயதிருக்கும். கேட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று, முன் ஹோலுக்கு ஒன்று என்று பூட்டினார். ஹோல் வயர் போகும் வழியில் சுவர்க் கலண்டர் தொங்கியது. தினம் ஒரு தாள் கிழிக்கிற கலண்டர். அதற்கு மேலே மணிக்கூடு.

"இந்தக் கலண்டர கொஞ்சம் அங்கால மாத்துவோம் அக்கா" என்றார்.

நான் விடவில்லை. கலவரத்துக்குப் பிறகு இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றைக்கு என் வீட்டுக்காரர் முதல் முதலாக அடித்த ஆணி அது. காலையில் விளக்கேற்றிவிட்டு அந்த ஆணிக்கு முன்னால் நின்று தாளைக் கிழித்தால்தான் எனக்கு நாள் பிறக்கும். "ஆணி இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். ஒங்க வயர சுத்திக் கொண்டு போங்க" என்றேன்.

"கலண்டருக்குக் காவலுக்குத்தான் கமரா போடுறீங்க போல" என்று முனகிக்கொண்டே வயரை வளைத்துக்கொண்டு போனார்.

எல்லாம் முடிந்ததும் டீவியைப் போட்டுக் காட்டினார். படத்தின் மூலையில் திகதியும் நேரமும் ஓடிக்கொண்டிருந்தன. இந்தப் பிளக்கை மட்டும் ஒருநாளும் கழற்ற வேண்டாம், உள்ளே இருக்கும் சின்ன பெட்டரி பழசு, கரண்ட் போனால் பெட்டிக்குத் திகதி மறந்துபோகும் என்றார். பெட்டிக்கு எப்படி மறக்கும் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஓ லெவல் பாஸ் பண்ணிய மருமகள் பக்கத்தில் நின்றாள். எல்லாம் விளங்கியவள் மாதிரித் தலையை ஆட்டினேன்.

முதல் கிழமை எனக்கு அதே வேலைதான். கடையில் ஆள் இல்லாத நேரம் போய்ப் பழைய படத்தை ஓடவிட்டுப் பார்ப்பேன். நான் நடக்கும்போது இடது பக்கம் சாய்கிறேன் என்பது அறுபது வயதை நெருங்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. விடியக் காலையில் எங்கள் செம்பரத்தைப் பூவைப் பறித்துப் போவது எதிர்வீட்டுச் சிங்கள நோனா என்பதும் தெரிந்தது. மல்லிகைப் பக்கம் போகாதவரை பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். நேற்று நடந்தது இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே ஏதோ சுற்றுகிற சத்தம்தான் கேட்டது.

பிறகு இடி தொடங்கியது. எங்கள் பக்கம் ஐப்பசியில் பின்னேரமானால் மலைக்குப் பின்னால் உருளும். முதல் முழக்கத்திலேயே வீட்டில் உள்ள பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிடுவது எங்கள் பழக்கம். பக்கத்து வீட்டு டீவி இரண்டு தரம் இடியில் எரிந்தது. அதற்குப் பிறகும் மகன் வியர்வை சிந்தி அனுப்பிய பெட்டியை மின்னலுக்குக் கொடுக்க மனம் வருமா? தினமும் கழற்றினேன். ஆறு மணிக்கு விளக்கு வைக்கும்போது திரும்பப் பூட்டினேன். படம் முன்போலவே வந்தது. நானா சும்மா பயங்காட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். மூலையில் ஓடிய எண்கள் வேறு மாதிரி இருந்தன, நிறையப் பூச்சியங்கள். எண்ணில் கெட்டிக்காரி என்று சொல்லிக்கொள்ளும் நான் அதை யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். பெட்டிக்குத் தனிக் கணக்கு இருக்குமாக்கும் என்று இருந்துவிட்டேன்.

அந்தக் கிழமை வியாழக்கிழமை பொலிஸ் ஜீப் ஒன்று வந்து நின்றது. செவ்வாய்க்கிழமை அந்திக்கு, ஆறரை மணியளவில், ஒரு பஸ் நிலையத்தில் யாரோ குண்டுப் பொதி ஒன்றை வைத்துவிட்டுப் போனானாம். அதை வைத்த ஆள் எங்கள் தம்பியைப் போல இருந்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் சேர்ட்டை மாற்றக்கூட விடவில்லை, கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த நாளில் அப்படிப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வரவில்லை. அது வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அந்த நேரத்தில் அவர் எங்கள் ஹோலில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். நானே கொடுத்தேன். பொலிஸுக்குப் போய்ச் சொன்னேன். வாடகைக்கு வைத்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்றார் இன்ஸ்பெக்டர். சாட்சி என்ன என்று கேட்டார். இருபத்து நான்கு வருடத்துக்குப் பிறகு அதே கேள்வி. எனக்கு உடம்பு நிமிர்ந்தது. எங்கள் வீட்டில் ஒரு பெட்டி எல்லாவற்றையும் பார்த்து வைத்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலையில் இன்ஸ்பெக்டரே வந்தார். கண்டிப் பக்கத்துச் சிங்கள ஆள், கொஞ்சம் தமிழ் பேசுவார். நானாவுக்கும் போன் பண்ணி வரவழைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமையைத் தேடினார் நானா. செவ்வாய் மட்டுமல்ல, அந்தக் கிழமையே பெட்டியில் இல்லை. முதல் கிழமைக்குப் பிறகு இருந்த படம் எல்லாம் இரண்டாயிரமாம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி.

"அம்மா, இது ஏழு வருசம் பழைய படம் தானே" என்றார் இன்ஸ்பெக்டர். சிரிக்கவில்லை. தொப்பியைக் கையில் எடுத்துவிட்டார்.

நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, பிளக்க கழட்டினீங்களா?"

இல்லை என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. மருமகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படியென்றால் பெட்டி பழுது, பழுதான பெட்டியின் படத்தை நம்ப ஏலாது என்று நானா வயரைக் கழற்றக் குனிந்தார். எனக்கு அந்தத் தம்பியின் செருப்பு கண்ணில் பட்டது. வாசலில் சோடியாக, அவர் கழற்றி வைத்தபடியே.

"கழட்டினேன்" என்றேன். "தெனமும் கழட்டினேன். இடிக்குப் பயந்து. நீங்க சொன்னது எனக்கு வெளங்கல்ல, வெளங்கின மாதிரி நின்னேன்."

நானா ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. எத்தனை மணிக்குத் திரும்பப் பூட்டுவீர்கள் என்று கேட்டார். விளக்கு வைக்கிற ஆறு மணிக்கு என்றேன். அப்படியென்றால் பெட்டி பழுதில்லை, பூட்டுகிற நேரம் எல்லாம் அது முதலாம் திகதியிலிருந்து தொடங்குகிறது, ஒவ்வொரு துண்டும் ஓர் அந்தி என்றார். துண்டு துண்டாக ஓடவிட்டார். ஒவ்வொன்றிலும் நான் விளக்கு வைத்தேன், ஒவ்வொன்றிலும் தம்பி குடையை மடக்கிக்கொண்டு வந்தார். எல்லா அந்தியும் ஒரே அந்தி மாதிரி இருந்தன. திகதியும் ஒன்றாகவே இருந்ததால் பெட்டிக்குள் முன்பின் வரிசையும் இல்லை. எது செவ்வாய் என்று எப்படிச் சொல்வது?

அப்போதுதான் நான் கண்டேன். படம் மங்கல்தான். ஆனால் வாசலுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஓர் எண்.

"பதினாறு" என்றேன். "கலண்டரப் பாருங்க. செவ்வாக்கெழம பதினாறு."

கலண்டருக்கு மேலே மணிக்கூட்டில் ஆறு இருபது. தம்பி உள்ளே வந்து உட்கார்ந்தார். ஏழரை வரை எழும்பவில்லை. இன்ஸ்பெக்டர் தன் கைக்கடிகாரத்தை எங்கள் மணிக்கூட்டோடு ஒத்துப் பார்த்தார். ஐந்து நிமிடம் கூடுதலாக வைப்பது எங்கள் வழக்கம் என்று அதையும் சொன்னேன். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"கலண்டர் யாரும் மாத்தலாம் தானே" என்றார் அவர்.

நானா அதே துண்டை முன்னுக்கு ஓட்டினார். விடிகிறது. நான் சாய்ந்து சாய்ந்து வருகிறேன், பதினாறைக் கிழிக்கிறேன், பதினேழு வருகிறது. நான் குசினிக்குப் போய் அந்தத் தாளையே எடுத்து வந்தேன். அதன் பின்பக்கம் மருமகள் சவுக்காரம், சீனி என்று எழுதி வைத்திருந்தாள். கிழித்த தாளைத் திரும்ப ஒட்ட முடியாதே. இன்ஸ்பெக்டர் அந்தத் துண்டை முதலிலிருந்து இன்னொரு தரம் போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு ரசீது ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டு, பெட்டியையும் தாளையும் கொண்டுபோனார். காரியாலயத்திலும் விசாரித்தார்களாம். மூன்றாம் நாள் தம்பி வந்து சேர்ந்தார். கன்னம் வீங்கியிருந்தது.

பிளக்கைக் கழற்றிய கதையை அவரிடம் நானே சொன்னேன். மருமகள் சொல்லித் தெரிவதை விட அது மேல். அவர் பிளேன்டீயை ஒரு மிடறு குடித்தார். "இடிக்குப் பயப்பிடுறதில என்ன பிழை அம்மா. நான் வீட்டில இருந்ததை ஆர் பாத்திருக்கப் போகினம் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்" என்றார்.

அந்தப் பெட்டி இப்போது இல்லை, மகன் புதுசு பூட்டிவிட்டான். அதற்குத் திகதி மறக்காதாம். எப்படி என்று அவனிடம் மூன்று தரம் கேட்டேன், மூன்றாம் தரம்தான் விளங்கியது. இன்றைக்கும் காலையில் தாளைக் கிழித்த பிறகு கமராவுக்குக் கலண்டரை மறைக்காமல் ஒரு பக்கமாக ஒதுங்குகிறேன், அந்த நேரமெல்லாம் என் வாயில் முதலில் வந்த "இல்லை"யும் வாசலில் சோடியாகக் கிடந்த அந்தச் செருப்பும்தான் நினைவுக்கு வருகின்றன.