மூன்று எண்ணுவதற்குள் சாகாத புழு

போன வாரம் செல்லத்துரை அண்ணாச்சியின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஆனைக்குட்டம் பக்கம், ஒரு ஏக்கர் சப்போட்டா. எப்போது போனாலும் தேனீக்களின் ரீங்காரம்தான் முதலில் வரவேற்கும். அன்று சத்தமே இல்லை.

தோட்டத்தில் இருக்கிற இரண்டு தேனீப் பெட்டிகளும் மதினி வளர்த்தவை. அண்ணாச்சியின் மனைவி, போன வருஷம் இறந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டதே, "பெட்டிக்குப் பக்கத்துல தேனீ குடிக்கச் சிரட்டையில தண்ணி வச்சீகளா?" என்றுதான்.

இந்த சீசனில் மரங்களில் அந்துப்பூச்சி விழுந்தது. அதன் புழு துளிரைப் பின்னிக்கொண்டு உள்ளே இருக்கும். மொட்டு, பிஞ்சு எல்லாவற்றையும் துளைக்கும். தேனீ சாகாத மருந்துதான் வேண்டும் என்று அண்ணாச்சி பிடிவாதம் பிடிக்க, தோட்டக்கலை ஆபீஸ் அம்மா, புழுவின் வளர்ச்சியைத் தடுக்கிற மருந்து ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

"புழு தோலுரிக்க முடியாமத்தான் சாகும். ஒரு வாரம் பொறுக்கணும். சாயங்காலமா அடிங்க, தேனீ தப்பிச்சுக்கும்."

ஒரு வாரமா! அண்ணாச்சி முப்பது வருஷம் பட்டாசு கம்பெனியில் டெஸ்டிங் பார்த்தவர். ஒவ்வொரு லாட்டிலும் நாலைந்தை எடுத்துப் பற்றவைப்பார். மூன்று எண்ணுவதற்குள் வெடிக்காவிட்டால் மொத்த லாட்டும் கழிவு.

மருந்தடித்த மூன்றாம் நாள் எனக்குப் போன் செய்தார். "தம்பி, புழு ஜம்முன்னு நெளியுது. நமத்த சரக்கு போலருக்கு. என்ன செய்ய?"

அந்த அம்மாவைக் கேளுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டாமா? நானும் சிவகாசிக்காரன்தானே... உடனே சத்தம் வராத எதையும் நம்பாத ஊர் எங்களுடையது. "வேற மருந்து அடிங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

கடையில் கொடுத்த கடும் விஷத்தை மறுநாள் காலையிலேயே அடித்திருக்கிறார். பூவில் தேனீக்கள் இருக்கிற நேரம். மதியத்துக்குள் பெட்டிகளைச் சுற்றி எல்லாம் செத்துக் கிடந்தன.

நான் போனபோது அண்ணாச்சி ஒரு சுருண்ட இலையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே செத்த புழு — பாதித் தோல் கழன்று, மீதி உடம்போடு ஒட்டியபடி.

"மொத மருந்துதான் கேட்டிருக்கு தம்பி. எந்த இலையப் பிரிச்சாலும் இப்படித்தான் கெடக்கு. நான்தான் பொறுக்கல."

நான்தான் என்கிறார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

கிளம்பும்போது பார்த்தேன். காலிப் பெட்டிக்குப் பக்கத்தில் சிரட்டை. தளும்பத் தளும்பத் தண்ணீர்.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"அவ கேப்பாள்ல."