இடைக்கிடைச் சாரதி

என் மகள் கார் ஓட்டப் பழகிய வசந்த காலத்தில் எங்கள் காரின் கால்மிதி ஒன்றைத் தேய்த்து ஓட்டையாக்கினேன். சாரதிப் பக்கத்துக் கால்மிதி அல்ல, பக்கத்து இருக்கையின் கால்மிதி. அந்தப் பக்கத்தில் பிரேக் இல்லை என்பது எனக்குத் தெரியும். என் வலது காலுக்குத்தான் தெரியாது. அவள் ஒரு சிவப்பு விளக்கை நெருங்கும்போதெல்லாம் அது தன்பாட்டில் நிலத்தை அமத்தும். மகள் ரோட்டில் இருந்து கண்ணை எடுக்காமல், "அப்பா, கார் நிக்கிறது உங்களாலை இல்லை" என்பாள்.

அப்படியிருந்தும் அவள் முதல் தரம் சோதனைக்குப் போனபோதே ஜீ-டூ லைசென்ஸ் எடுத்துவிட்டாள். அதை எடுத்தால் பக்கத்தில் ஆள் இல்லாமல் தனியே ஓடலாம். அதே கிழமை அவளுக்கு வேலையும் கிடைத்தது. யூனியன்வில்லில் ஒரு நீச்சல் தடாகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நீந்தப் பழக்கும் கோடைகால வேலை. திங்கட்கிழமை விடியத் தொடங்க வேண்டும். மல்வேர்னில் எங்கள் வீட்டுக்கு முன்னால் வரும் பஸ்ஸை நம்பினால், பிள்ளைகள் நீந்தித் தலை துவட்டி வீட்டுக்குப் போன பிறகுதான் அவள் போய்ச் சேருவாள்.

"நான் கொண்டுபோய் விடுறன்" என்றேன்.

"அப்பா, ஐ ஹாவ் அ லைசென்ஸ்."

"லைசென்ஸ் இருக்கு. இன்சூரன்ஸ் இல்லை."

"அப்ப என்னைச் சேருங்கோவன்."

அதற்குப் பதில் இருந்தது, ஆனால் சொல்லக்கூடிய பதிலாக இல்லை. எங்கள் வீட்டில் ஹீற்றரின் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற அதிகாரம் மனைவியுடையது. தொலைக்காட்சியும் இணையமும் மகளுடையவை. நிலக்கீழ் அறையில் கணினியோடு மாரடித்து உழைக்கும் எனக்கு என்று இருந்த ஒரே பதவி அந்தக் காரின் சாரதி இருக்கை. என் முதுகுக்கு ஏற்றபடி சாய்த்துவைத்த இருக்கை அது. கோப்பை வைக்கும் குழியில் என் இருமல் மிட்டாய்கள். மற்றவர்கள் காரில் ஏறினால் என்னிடம் கேட்டுத்தான் கண்ணாடி இறக்க வேண்டும். இந்த நாட்டில் இவ்வளவு அதிகாரம் உள்ள வேறு வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனாலும் வெள்ளிக்கிழமை பின்னேரம், எங்களுக்கு இன்சூரன்ஸ் செய்துதரும் தம்பிக்கு போன் எடுத்தேன். அவர் எங்கள் சமையலறைக் கலண்டரில் பிள்ளையாருக்குக் கீழே, கோட்டும் டையுமாக, வருசம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருப்பவர். அவருக்குக் குரல் பெரிது. போனைக் காதில் வைத்தால் காது வலிக்கும் என்று மேசையில் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி போட்டேன். அதுதான் நான் விட்ட முதல் பிழை. மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். மகள் குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்தபடி சீரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, சொல்லுங்கோ! அக்கா சுகமோ?"

"எல்லாரும் சுகம் தம்பி. மகளைப் பொலிசியில சேர்க்கோணும். ஜீ-டூ எடுத்திட்டா."

"ஆ, கெட்டிக்காரி! முதல் தரமே பாஸோ?"

"பின்னை! முதல் தரமே." எனக்குப் பெருமையில் புழுகம் தாங்கவில்லை. நான் எத்தனையாவது தரம் பாஸானேன் என்று தம்பி கேட்கவில்லை. மனைவி மட்டும் வெங்காயத்தைப் பார்த்துச் சிரித்தாள். வெங்காயம் வெட்டும்போது சிரிக்கிற ஆளை நான் அன்றுதான் கண்டேன்.

"சரி அண்ணை. வீட்டில ரெண்டு வாகனம், இப்ப மூண்டு ட்றைவர். ஒவ்வொரு வாகனத்துக்கும் பிரதான ட்றைவர் ஆர் எண்டு போடோணும். வானுக்கு அக்கா. காருக்கு நீங்கள். பிள்ளை உந்தக் காரை எவ்வளவு ஓடுவா?"

"இடைக்கிடை" என்றேன், ஆரும் வாய் திறப்பதற்குள்.

இந்தப் பதிலை நான் பிறந்தநாள் விழாக்களில், மண்டப வாசலில் ரோல்ஸ் தின்றபடி நிற்கும் தகப்பன்மாரிடம் கற்றிருந்தேன். பிள்ளையை இடைக்கிடை ஓடுகிற ஆள் என்று போட்டால் பிரீமியம் அவ்வளவு ஏறாது. ஆகவே எங்கள் ஆட்களின் பிள்ளைகள் எல்லாரும் இடைக்கிடைதான் ஓடுவார்கள். ஒவ்வொரு நாளும் இடைக்கிடை ஓடுவார்கள்.

"நோ" என்றாள் மகள், சீரியலை விழுங்கிவிட்டு. "எவ்ரி டே, அங்கிள். எனக்கு வேலைக்குப் போகோணும்."

"ஆ, பிள்ளையும் நிக்கிறாவோ? குட், குட்." தம்பியின் குரலில் ஒரு சந்தோசம். "அண்ணை, சொல்லுறன் எண்டு கோவிக்காதேங்கோ. நாளைக்கு எங்கையாவது முட்டுப்பட்டால் கொம்பனி முதல் கேக்கிறது, உதை ஆர் ஓடுறது எண்டுதான். உள்ளதைச் சொல்லிப்போட்டு நிம்மதியா இருங்கோ. சரி, நீங்கள் எவ்வளவு ஓடுவியள்?"

"நானோ? நான் விடிஞ்சால் பொழுதுபட்டால் ஓட்டம்தான்."

"வேலைக்கோ?"

"வேலை வீட்டிலதான்."

"அப்ப எங்க?"

"காலமை மகளைப் பள்ளிக்கூடத்தில இறக்கிறது."

"சரி."

"பின்னேரம் போய் ஏத்திறது."

"ம்."

"சனிக்கிழமை டான்ஸ் கிளாஸ். ஞாயிற்றுக்கிழமை நீச்சல்."

"டான்ஸ் ஆருக்கு அண்ணை?"

"எனக்கே? மகளுக்குத்தான்."

அந்தப் பக்கத்தில் தட்டச்சுச் சத்தம் நின்றது. "அண்ணை, பிள்ளை தானே ஓடத் தொடங்கினால், நீங்கள் எங்க ஓடப் போறியள்?"

நான் கலண்டரைப் பார்த்தேன். கலண்டரில் இருந்த தம்பி சிரித்தார். யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். இத்தனை வருசமாய் நான் ஓடித் திரிந்த பாதை ஒவ்வொன்றையும் மனதுக்குள் ஓடிப் பார்த்தேன். எல்லாப் பாதையின் முடிவிலும் புத்தகப் பையோடோ, சலங்கையோடோ, ஈரத் தலையோடோ இந்தப் பிள்ளைதான் நின்றாள்.

மனைவிக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "இடியப்பம் எடுக்கப் போவார்" என்றாள் போனைப் பார்த்து.

"கடை எவ்வளவு தூரம் அக்கா?"

"நடக்கலாம்" என்றாள் மகள்.

தம்பி தொண்டையைச் செருமினார். வைத்தியர்மார் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கதைப்பார்களே, அந்தக் குரல். "அண்ணை, உள்ளபடி பார்த்தால் உந்தக் காருக்குப் பிள்ளைதான் பிரதான ட்றைவர். நீங்கள் ஒக்கேஷனல்."

"ஒக்கேஷனல்?"

"இடைக்கிடை ஓடுறவர். பயப்பிடாதேங்கோ, உங்கட பேரும் பொலிசியில இருக்கும்."

பிரீமியம் எவ்வளவு கூடும் என்று மனைவி கேட்டாள். தம்பி சொன்னார். வெங்காயக் கத்தி ஒரு கணம் நின்று, பிறகு வேலையைத் தொடர்ந்தது. மகள் தன் சம்பளத்தில் பாதியைத் தருவதாகச் சொன்னாள். ஆகக் காசு ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. இருந்திருந்தால் அதற்குப் பின்னால் வடிவாக ஒளித்திருப்பேன்.

"யோசிச்சுச் சொல்லுறன் தம்பி."

"யோசியுங்கோ. ஆனால் திங்களுக்கு முன்னம் சொல்லுங்கோ அண்ணை. இல்லாட்டில் பிள்ளை ஓடேலாது."

போனை வைத்ததும் மகள் மிச்சச் சீரியலை முடித்தாள். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மேலே போனாள். தன் கோப்பையைத் தானே கழுவினாள் என்றால் நிலைமை மோசம்.

"என்னத்தை யோசிக்கப் போறியள்?" என்றாள் மனைவி.

"பிள்ளையின்ர பாதுகாப்பு."

"உங்கட பக்கத்தில இருக்கிறதை விட அவள் தனிய ஓடுறதுதான் பாதுகாப்பு."

மறுநாள் சனிக்கிழமை. மகள் பாஸ் பண்ணினால் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவிலில் காருக்குப் பூசை செய்விப்பதாக மனைவி நேர்ந்திருந்தாள். மகள் இன்னும் பொலிசியில் இல்லை. அதனால் நான்தான் ஓடினேன். மனைவி பின்னால் தேங்காயும் பூவும் எலுமிச்சங்காயுமாக. மகள் எனக்குப் பக்கத்தில்.

பதவி பறிபோகப் போகிறது என்று தெரிந்த மந்திரி மாதிரி அன்று நான் மிகத் திறமாக ஓடினேன். அப்படித்தான் நினைத்தேன்.

"அப்பா, அது ஸ்டொப் சைன்."

"நிண்டனான்தானே."

"நிக்கேல்லை. யோசிச்சனீங்கள்."

பேவியூ ரோட்டில் ஒரு வாகனம் திடீரென்று முன்னுக்கு வெட்டியது. நான் பிரேக்கை அமத்தினேன். அதே நொடியில் பக்கத்திலும் ஒரு கால் நிலத்தை அமத்தியதைக் கண்டேன். மகளின் வலது கால், நான் தேய்த்துவைத்த அந்த ஓட்டைக்குள் கச்சிதமாக. அவளும் அதைக் கண்டாள். இரண்டு பேரும் முன்னே பார்த்துக்கொண்டோம். சிரிப்பை அடக்க முடியாமல் அவள்தான் முதலில் வெடித்தாள். பின்னாலிருந்து மனைவி, "ரோட்டைப் பாருங்கோ!" என்று கத்தினாள். யாரைச் சொன்னாள் என்று தெரியாததால் இருவரும் பார்த்தோம்.

கோவில் வாகனத் தரிப்பிடத்தில் எங்களுக்குப் பின்னால் இன்னும் சில கார்கள் பூசைக்கு நின்றன. ஐயர் வந்தார். காரின் முன் மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பூச் சாத்தினார். நாலு சில்லுக்கும் முன்னால் எலுமிச்சங்காய் வைத்தார். பிறகு தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"வாகனம் ஓடுறது ஆர்? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

நேற்றுத் தம்பி கேட்ட அதே கேள்வி. இதே கார் புதிதாய் வந்தபோது இதே இடத்தில் நெஞ்சை நிமிர்த்தி என் பெயரைச் சொன்னவன் நான். இன்றும் வாய் திறந்துவிட்டது. ஆனால் தம்பியிடம் "இடைக்கிடை" என்று சமாளித்ததைப் போல, சந்தனம் பூசிய காருக்கு முன்னால் சமாளிக்க வரவில்லை. மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காதோரம் வேர்த்திருந்தது.

"மகள், ஐயா" என்று சொல்லி, அவளின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். நட்சத்திரத்தைப் பிழையாகச் சொன்னேன். மனைவி திருத்தினாள்.

ஐயர் மந்திரம் சொல்லி முடித்துக் கற்பூரம் காட்டினார். "சரி, பிள்ளை ஏறி எலுமிச்சங்காயை நசிக்கட்டும்" என்றார்.

"பொறுங்கோ ஐயா!" என்று நான் போட்ட சத்தத்தில் பின்கார் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். தம்பிக்கு போன் எடுத்தேன். நல்ல காலம், எடுத்தார்.

"தம்பி, போடுங்கோ. மகள் பிரதானம். நான் இடைக்கிடை."

"சந்தோசம் அண்ணை! எப்ப தொடக்கம்?"

"இப்ப தொடக்கம். எலுமிச்சங்காய் சில்லுக்கு முன்னால இருக்குது."

"ஐயோ, பொறுங்கோ அண்ணை! நான் சேர்த்துப்போட்டுச் சொல்லுறன், அதுக்குப் பிறகு நசியுங்கோ!"

தட்டச்சுச் சத்தம் கேட்டது. எங்களுக்குப் பின்னால் ஒருவர் ஹோர்ன் அடித்தார்.

"என்ன, நல்ல நேரம் போகுது" என்றார் ஐயர்.

"இன்சூரன்ஸ் வருது ஐயா" என்றாள் மனைவி, பூசைக்குத் தேவையான இன்னொரு சாமானைச் சொல்வதுபோல. ஐயரும் தலையாட்டி, தட்டை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சேர்த்தாச்சு!" என்று தம்பியின் குரல் வாகனத் தரிப்பிடம் முழுக்கக் கேட்டது. "நசியுங்கோ!"

மகள் சாரதி இருக்கையில் ஏறினாள். ஏறியதும் என் இருக்கையை நிமிர்த்தினாள், முன்னுக்கு இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள்.

"அப்பா, இந்தக் கண்ணாடியில உங்கட முகம்தான் தெரியுது. சீரியஸ்லி, இவ்வளவு நாளும் பின்னால என்ன வருது எண்டு எப்பிடிப் பார்த்தனீங்கள்?"

அவள் இடம் பார்த்தாள், வலம் பார்த்தாள், தோளுக்கு மேலால் பார்த்தாள். பிறகு சிக்னல் போட்டாள். நாலு எலுமிச்சங்காயைத் தாண்ட, நேரே போக, சிக்னல்.

"பிள்ளை, அது எலுமிச்சங்காய்தான்" என்றார் ஐயர்.

சதக் என்று நசிந்தது. எலுமிச்சை வாசம் எழும்பியது. எங்களுக்குப் பின்னால் ஹோர்ன் அடித்த மனிதரே முதலில் கைதட்டினார்.

வீட்டுக்கு அவள்தான் ஓடினாள். நான் ஓட்டை விழுந்த கால்மிதியில் காலை வைத்துக்கொண்டு, வழியில் இத்தனை கடைகள் இருக்கின்றன என்பதை முதன்முதலாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை விடிய அவள் தனியே போனாள். நான் வாசலில் நின்று, அவள் திருப்பத்தில் போடும் சிக்னல் வரை பார்த்தேன். பின்னேரம் கார் வந்து நின்றது. ஈரத் தலையோடு இறங்கி, காரின் திறப்பை என்னிடம் எறிந்தாள்.

"அப்பா, எனக்குப் பசிக்குது. வாங்கோ, இடியப்பம் எடுக்கப் போவம். யூ டிரைவ்."

"நடக்கலாம் எண்டனீ?"

"டயர்டா இருக்கு. நீங்கள் இடைக்கிடைதானே ஓடுறனீங்கள், ஓடுங்கோ."

ஏறினேன். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன. இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினேன், கண்ணாடியைத் திருப்பவில்லை. ஸ்டொப் சைனில் முழுசாக நின்றேன். அவள் பக்கத்தில் இருந்து, தண்ணிக்குள் தலையை வைக்கப் பயந்து தன் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடாத ஒரு சின்னப் பொடியனைப் பற்றி வழி முழுக்கக் கதைத்தாள். கடையைத் தாண்டிப் போய்விட்டோம். இருவரும் கவனிக்கவில்லை. கவனித்த பிறகும் நான் அடுத்த சந்தி வரை போய்த்தான் திருப்பினேன்.

வீடு வந்து இறங்கும்போது இருக்கையை அவள் வைத்திருந்த இடத்துக்கே திரும்பத் தள்ளி வைத்தேன். இரவல் வாகனத்தை எடுத்த இடத்தில் எடுத்தபடி விட வேண்டும். ஆனால் இருமல் மிட்டாயை மட்டும் குழிக்குள்ளேயே விட்டு வந்தேன்.