ஒரு வரிக்கு இடமில்லாத சிடி

ஜமால் பாய் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது நான் கம்ப்யூட்டரில் சிடி எழுதிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தினால் சிடி வீண். அது முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கோட்டைமேட்டில் அவர் வீட்டுக்குக் கிளம்பினேன்.

நம் பம்ப் கம்பெனியின் வரைபட அறையில் வேலை பார்த்த எல்லோருக்கும் பாயின் ரிஜிஸ்டர் நினைவிருக்கும். எந்தப் படம் எப்போது திருத்தப்பட்டது என்று அதில் எழுதுவார். தப்பு விழுந்தால் அழிக்கமாட்டார். அதன்மேல் ஒரே ஒரு சிவப்புக் கோடு, பக்கத்தில் சரியானது, கையெழுத்து.

அந்தப் படங்களைச் சிடியில் ஏற்ற என்னை வேலைக்கு எடுத்தார்கள். எழுதியதை அழிக்க முடியாது, திருத்திய படத்தைப் புதிதாகச் சேர்த்து, எந்தப் படம் இப்போது செல்லும் என்று புதுப் பட்டியலும் எழுத வேண்டும், கம்ப்யூட்டர் கடைசிப் பட்டியலைத்தான் பார்க்கும் என்று அவருக்கு விளக்கினேன்.

"அட, இதுவும் நம்ம ரிஜிஸ்டராட்டத்தானுங்களே தம்பி! ரெண்டுலயும் ரப்பருக்கு வேலையில்லீங்க" என்று சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒருநாள் ஃபவுண்டரியிலிருந்து, திருத்தத்துக்கு முந்தைய பழைய அளவில் ஒரு லோடு வார்ப்பு வந்து இறங்கியது. நான் விசாரிக்கக்கூட இல்லை. ‘பழைய படத்தைக் கொடுத்தவர் ஜமால்’ என்று பட்டியலில் குறிப்பு எழுதிச் சிடியில் ஏற்றி, முதலாளிக்கும் காட்டினேன். அத்தனை பேர் முன்னால் பாய் திட்டு வாங்கினார். மறுநாள் பார்த்தால், முந்தைய பட்டியலில் பழைய படத்தையே சரியானதாகக் காட்டியிருந்தது நான்தான்; ஃபவுண்டரிக்குப் போனதும் அதுதான்.

அந்தக் குறிப்பு இல்லாமல் புதுப் பட்டியல் எழுதினேன். "எடுத்துட்டேன் பாய்" என்றேன்.

"எங்கீங்க எடுத்தீங்க? மறைச்சுப்போட்டீங்க. அடியில கெடக்குதுல்ல? கெடந்தாக் கெடக்கட்டும். தப்பு உங்களுதுன்னு ஒரு வரி சேத்துப்போடுங்க. மொதலாளி பாக்கட்டும்."

"ஒவ்வொரு தடவை எழுதறப்பவும் எடம் வீணாப் போகும் பாய். ஒரு வரிக்காகவா? அடுத்த திருத்தத்தோட சேத்தர்றேன்."

"செரீங்க தம்பி."

அப்புறம் அவர் கேட்கவே இல்லை. திருத்தங்கள் எத்தனையோ வந்தன. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன், தள்ளிப்போட்டேன். சிடி நிறைந்தது, மூடினேன். மூடிய சிடியில் இனி ஒரு எழுத்தும் ஏறாது. முதலாளி இன்றுவரை அதைப் பாயின் தப்பு என்றே நினைத்திருக்கிறார்.

அடக்கம் முடிந்து கம்பெனிக்கு வந்து அவர் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். அந்த வார்ப்புக்கு எதிரே ‘பட்டியல் கோளாறு’ என்று மட்டும் இருந்தது. என் பெயர் இல்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தச் சிவப்புக் கோட்டை. முதல் கோட்டை, முதலாளியும் நீங்களும் படிக்கும் இந்த அஞ்சலிக் குறிப்பிலேயே போடுகிறேன். பழைய படத்தைக் கொடுத்தவர் ஜமால் பாய் இல்லை. நான்.

செந்தில்குமார்