சத்தம் போட்டது யார்?

போன வாரம் ஓர் ஆஸ்பத்திரியில் என் மானம் போனது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது... சொல்லிவிடுகிறேன்.

ராஜபாளையத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் செல்லப்பாண்டி, ரிட்டயர்டு சப்-இன்ஸ்பெக்டர். சிலிண்டர் போடுபவர் முதல் கேபிள்காரர் வரை அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. நானோ பொறுமைசாலி. தெருவே சொல்கிறது. நானும் மறுத்ததில்லை.

அவர் மனைவி ராஜாத்தி அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆபரேஷன். "எனக்குக் கோவம் வந்தா நிதானம் இருக்காது. நீங்க கூட வாங்க தம்பி" என்று என்னை அழைத்துப் போனார். அதாவது, நான் தீயணைப்பு வண்டி.

தியேட்டர் வாசலில் ஒரு நர்ஸ், சின்னப் பெண், அவரை ஓரமாக உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். போனை அணைக்கச் சொன்னார். அணைத்தார். 'சரிம்மா' என்ற வார்த்தை அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார்கள். மூன்று மணி நேரமாகியும் கதவு திறக்கவில்லை. அக்காவின் மூக்குக் கண்ணாடியை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தபடி அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். 

அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. எதிரே இருந்த கவுன்ட்டருக்குப் போய், பதில் சொல்ல இங்கே ஆளே இல்லையா என்று கத்தினேன். மேஜையைக்கூடத் தட்டினேனாம். சாட்சிகள் இருக்கிறார்கள்.

என் தோளைத் தொட்டு இழுத்தது யார்? செல்லப்பாண்டிதான்.

"சத்தம் போடாதீக தம்பி. உள்ள அவ கெடக்கா."

ஒரே பயம்தான் — அவரை அடக்கியது, என்னை அவிழ்த்துவிட்டது. பிரச்சினை எதுவும் வராமல் இருந்ததற்குத்தான் இத்தனை நாள் பொறுமை என்று பெயர் வைத்திருந்தேனோ?

முந்தைய ஆபரேஷன் இழுத்துவிட்டதால்தான் தாமதமாம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டர். கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

முதுகில் ஊசி போட்டுச் செய்த ஆபரேஷன். முழித்தே இருந்த அக்காவுக்கு வெளிச்சத்தம் எல்லாம் கேட்டிருக்கிறது. வார்டுக்கு வந்ததும் கணவரைப் பார்த்தார்.

"இங்க வந்தும் கத்துனீகளா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆமா. செத்த கோவம் வந்துட்டு."

"கத்துனதும் நல்லதுக்குத்தான்" என்று அக்கா சிரித்தார். "அந்தச் சத்தம் கேட்ட பொறவுதான், நீங்க பக்கத்துல இருக்கீகன்னு பயம் போச்சு."

வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுக்கும் நான் என்ன செய்தேன்? ஜன்னல் வழியே கோயில் கோபுரம் தெரிகிறதா என்று பார்த்தேன்.

தெரியவில்லை... ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றேன்.